பதினோரு வரிசை

கதவு நிலைக்கு மேலே அடைத்து வைத்திருந்த சணல் நார் அன்று காலையில் வெளியே பிதுங்கி நின்றது.

ஹில்க்கா கையில் காப்பிக் கோப்பையோடு வாசல் சரிவுப் பலகையில் நின்று அதை அண்ணாந்து பார்த்தாள். முழு மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும் சுவர் காயக் காய இறங்கும். வடக்கே கைனூ வட்டாரத்துக் காட்டுப் பக்கத்தில் அது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதற்காகத்தான் நிலைக்கு மேலே அரைச் சாண் இடைவெளி விட்டு நாரை அடைத்து வைப்பது. நாலைந்து வருஷத்தில் சுவர் மெல்ல இறங்கி வந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். ஆனால் அவள் அறையைக் கட்டி முடித்து இது பதினாலாவது நாள். மரமோ, இரண்டரை வருஷம் வெயிலிலும் காற்றிலும் கிடந்து காய்ந்த மரம். அரைச் சாணில் இப்போது மிச்சமிருந்தது சுண்டுவிரல் நுழையும் இடம்தான்.

நுழைத்துப் பார்த்தாள். நார் ஈரமாக இருந்தது. செப்டம்பர் கடைசியின் உறைபனி முற்றத்துப் புல்லை எல்லாம் நரைக்க வைத்திருந்தது; நார் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

"ஹில்க்கா," என்று உள்ளேயிருந்து தௌனோ கூப்பிட்டான். "அங்கேயே நின்னு குடிச்சு முடிச்சிடுவியா? எனக்கு இல்லியா காப்பி?"

அவ்வளவுதான். இடைவெளியாவது நாராவது. காப்பி தளும்பிக் கையில் சுட, அவள் உள்ளே ஓடினாள். அந்தக் குரலுக்காக அவள் இரண்டரை வருஷம் ஏங்கியிருந்தாள்.

முந்தின வருஷத்துக்கு முந்தின பிப்ரவரியில், வீட்டுக்குப் பின்னால், தான் வெட்டிக் கொண்டுவந்து போட்ட பைன் மரங்களின் பட்டையைத் தனியாகச் சீவிக்கொண்டிருந்தபோது தௌனோ விழுந்தான். முப்பத்து மூன்று மரங்கள். வீட்டோடு சேர்த்து ஓர் அறை இழுக்கவேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் ஆசை. ஹில்க்கா கிராமத்துக் கடையில் கல்லா வேலை முடித்துத் திரும்பும்போது இருட்டிவிட்டது. பட்டை சீவிய வெள்ளைத் தடி ஒன்றின்மேல் அவன் குப்புறக் கிடந்தான். வாய் மரத்தோடு ஒட்டி உறைந்திருந்தது. எத்தனை மணி நேரம் உதவிக்குக் கத்தினானோ, கத்தலெல்லாம் அந்த மரத்துக்குள்தான் போயிருக்க வேண்டும். வெந்நீர் ஊற்றித்தான் உதட்டைப் பிரித்தெடுத்தாள். கொஞ்சம் தோல் மரத்திலேயே நின்றுவிட்டது.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்கட்டு என்றார் மருத்துவர். வலது கையும் காலும் போயின. பேச்சு போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் ஏனோ மிஞ்சியது: "வேணாம்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதையே சொன்னான். வலித்தாலும் அதுதான், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழும்போதும் அதுதான். ஹில்க்கா அந்த ஒரு சொல்லின் ஏற்ற இறக்கத்தில் நூறு அர்த்தம் கேட்கப் பழகினாள்.

நகரத்து மருத்துவமனையின் நீண்டகால வார்டில் அவனைப் போட்டார்கள். "உங்க வீட்டுல படுக்கை மாடியில. படி செங்குத்து. கதவு எதுலயும் சக்கர நாற்காலி நுழையாது. தரையோட தரையா ஒரு ரூம், அகலக் கதவு, இது ரெண்டும் இருந்தா நாளைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். மரம் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. கட்டத் தெரிந்தவன் வார்டில் கிடந்தான். ஹில்க்கா கையேடு ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்துவந்து, இந்த வருஷம் மே மாதம் பனி உருகியதும் அஸ்திவாரக் கல் வைத்தாள்.

தௌனோவின் தம்பி கலெர்வோ சனி ஞாயிறுகளில் வந்தான். நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன். கோடையில் அவனுக்கு வேலை குறைவு. மற்ற நாளெல்லாம் அவள் ஒருத்திதான். கீழ்த்தடியின் மேடுபள்ளத்தை மேல்தடியில் கோடாகக் கீறி, அந்தக் கோட்டின்படி குடைந்து, நடுவில் பாசியை வைத்து அழுத்தி, சங்கிலிக் கப்பியால் தூக்கி உட்கார வைக்க ஒரு தடிக்கு ஒன்றரை நாள் ஆனது. விரல் நகம் இரண்டு போயின. முதல் மூலைப் பொருத்தைப் பார்த்துக் கலெர்வோ விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணி, இது மூலையா, எலி கடிச்ச ரொட்டியா?"

"எலிக்குப் பதிலா நீ வந்து கடியேன்."

"எதுக்கும் இருக்கட்டும்," என்று அவன் பென்சிலால் ஒவ்வொரு தடியின் முனையிலும் வரிசை எண்ணை எழுதிவைத்தான். ஒன்று முதல் பதினொன்று வரை. மூன்று புதுச் சுவர்கள். நாலாவது, பழைய வீட்டின் சுவர். முற்றத்தைப் பார்த்து ஓர் அகலக் கதவு, பக்கத்தில் ஒரு ஜன்னல். பழைய சுவரை வெட்டிச் சமையலறைக்கு வழி விடுவதை அடுத்த கோடைக்கு ஒத்திவைத்தார்கள். செப்டம்பர் நடுவில் கூரை ஏறியது. தௌனோ வந்தான்.

நாற்காலி தடுக்காமல் உள்ளே உருண்டது. அவன் நல்ல கையால் சுவரைத் தொட்டான். சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். "வேணாம்" என்றான். நன்றாயிருக்கிறது என்கிறான் என்று எடுத்துக்கொண்டாள் ஹில்க்கா.

அன்று மாலை அவள் அடுப்புக்கு முன் குனிந்து விறகு செருகிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து வந்தது அது. கரகரப்பாக, நிதானமாக, பழைய தௌனோவாக.

"காத்து பத்தல ஹில்க்கா. கீழ்மூடியைத் திற."

அவள் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடும் என்று பயந்தாள். கீழ்மூடியைத் திறந்தாள். தீ பிடித்தது. பிறகுதான் தரையிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, மூச்சு முட்ட அழுதாள்.

செவ்வாய்க்கிழமை, வாராவாரம் வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி மைரே வந்தாள். ஆள் நல்ல உயரம். நுழையும்போதே கூரை ஓரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டாள்.

"அட! போன வாரம் இவரைக் கொண்டாந்து விட்டப்ப இடிக்கலியே. இந்த வயசுல வளர ஆரம்பிச்சிட்டேன் போல."

"வாங்க மைரே," என்றது தௌனோவின் குரல். "தலைக்கு மேல இருக்கறதையும் கொஞ்சம் பார்த்து வரணும்."

மைரே கைப்பையைக் கீழே போட்டுவிட்டாள். இப்படி நடப்பதுண்டு, தன் சொந்த இடத்துக்கு வந்ததும் சிலருக்குப் பேச்சு திரும்பும், மருத்துவரிடம் சொல்லி எழுதவைக்கிறேன் என்று என்னென்னவோ சந்தோஷமாகச் சொன்னாள். கிளம்பும்போது மட்டும், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"இவ்வளவு நல்லாப் பேசறாரு. ஆனா கண்ணைப் பாத்தீங்களா? ஏன் அவ்வளவு பயந்து போயிருக்காரு?"

"முகம் பாதி மரத்துப்போச்சு இல்லியா," என்றாள் ஹில்க்கா. "அப்படித்தான் தெரியும்."

அவளுக்கும் தெரியாமல் இல்லை. அந்தக் கண்கள் அவளையே துரத்தின. கன்னமும் மோவாயும் உதடும் இரண்டு வருஷத்துத் தாடியில் புதைந்து கிடக்க, கண் மட்டும் விழித்து விழித்து எதையோ சொன்னது. ஆனால் குரல் இருக்கும்போது கண்ணை யார் பார்ப்பார்கள்? குரல், அவர்கள் முதன்முதலில் ஆடிய ஏரிக்கரை நடன மேடையைப் பற்றிப் பேசியது. கடையில் யார் யார் வந்தார்கள் என்று கேட்டது. அவள் சமைத்த உருளைக்கிழங்குச் சூப்பில் உப்புக் குறை என்றது. அறையை விட்டு வெளியே, நீராவிக் குளியலுக்கு அவனை உருட்டிக்கொண்டு போனால் வாசல் தாண்டிய நொடியில் பேச்சு அறுந்தது. திரும்பும் வரைக்கும் வெறும் "வேணாம்" மட்டும்தான். இரண்டு தடவை அப்படி ஆனதும், அவள் அவனை வெளியே கொண்டுபோவதை விட்டுவிட்டாள். குளிப்பதற்கு வாளியில் வெந்நீர் கொண்டுவந்தாள்.

அக்டோபரில் கதவு திறக்க மறுத்தது. மேல்விளிம்பை இரண்டு விரல்கடை இழைத்து எடுத்தாள். மூன்றாம் நாள் மறுபடி பிடித்தது. ரம்பத்தால் ஒரு சாண் அறுத்துப் போட்டு, நிலையையும் குறைத்தாள். வாசல் தூணில் பென்சிலால் கோடு போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் கடைக்குப் போய், அறை மௌனமாகக் கிடந்த நாட்களில் கோடு அசையவில்லை. இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்த நாட்களில் கோடு இறங்கியது. ஒரு ஞாயிறு முழுக்கப் பேசினார்கள். அன்று சாயங்காலம் ஜன்னல் கண்ணாடி, ஏரிப்பனி விரிவதுபோல் நீளமாக முனகிவிட்டு, குறுக்கே வெடித்தது.

"தௌனோ," என்றாள் மெதுவாக. "நாளைக்கு ஒரு நாள் பேசாம இருந்து பாப்போமா?"

அறையில் பிசின் வாடையும், அதற்கடியில் ஈரப் பட்டையின் புளிப்பும் வந்தது.

"ரெண்டரை வருஷம் பேசாம இருந்தேனே ஹில்க்கா. இன்னும் போதலியா உனக்கு?"

மறுநாளும் பேசினார்கள்.

அந்த மாதக் கடைசியில் கலெர்வோ வந்தான். முற்றத்தில் காலை வைத்தவன் அப்படியே நின்றான். பழைய வீட்டுச் சுவரில், புதுக்கூரை முன்பு தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் தார் பூசிய கறுப்புக் கோடு மட்டும் இருந்தது. கூரை அதற்கு வெகு கீழே இருந்தது. அவன் மூலைக்குப் போய், குந்தி உட்கார்ந்து, தடி முனைகளில் விரல் வைத்து எண்ணினான். எழுந்து வந்தபோது உதடு வெளிறியிருந்தது.

"அண்ணி. நாம எத்தனை வரிசை அடுக்கினோம்?"

"பதினொண்ணு."

"இப்ப ஒம்போது இருக்கு. நாலும் எட்டும் இல்ல."

"மண்ணுல புதைஞ்சிருக்கும்."

"ஒண்ணாம் நம்பர் கல்லுமேல அப்படியே உக்காந்திருக்கு. மூணுக்கு மேல அஞ்சு. நடுவுல பாசிகூடக் கலையல. நான் எழுதின நம்பர், என் கையெழுத்து." அவன் தொண்டையைச் செருமினான். "அந்த ரெண்டு மரமும் எங்க போச்சு அண்ணி? மூணு சுவர்லயும்?"

அவள் வாயைத் திறக்குமுன் அவன் கதவைத் தள்ளிக் குனிந்து உள்ளே போனான். "அண்ணே, கிளம்பு. என் வீட்டுக்குப் போலாம்."

"வார்டுக்குன்னு சொல்லு," என்றது குரல். கோபமில்லை. அழுகைக்குக் கிட்டத்தில் இருந்தது. "மறுபடி ஊமையாக்கி அந்த வரிசைக் கட்டில்ல போடப்போறீங்க. வெளிய போனா எனக்கு வாய் கிடையாது கலெர்வோ. அதுக்கு நீ என்னைக் கொன்னுடு. ஹில்க்கா, சொல்லேன் அவன்கிட்ட."

நாற்காலியில் தௌனோவின் நல்ல கை மேலும் கீழும் அடித்துக்கொண்டது. கலெர்வோ அவன் தோளைப் பிடித்தான். ஹில்க்கா நடுவில் வந்து நின்றாள். அவளுக்கே தெரியாமல் வந்து நின்றாள்.

"நீ போ கலெர்வோ."

"அண்ணி, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கூரை தலையில இடிக்குது!"

"போன்னு சொன்னேன். இவன் இல்லாத வீட்டுல ரெண்டு வருஷம் தனியா இருந்தது நான். நீ இல்ல."

அவன் போனான். வண்டியில் ஏறும்போது, "கூப்பிட்டா வருவேன். எந்த நேரமா இருந்தாலும்," என்றான். அவள் கையசைக்கக்கூட இல்லை.

நவம்பரில் பனி கரையாமல் தரையில் தங்கியது. பொழுது மூன்று மணிக்கே சாய்ந்தது. ஹில்க்கா பக்கத்துப் பண்ணையிலிருந்து டிராக்டர் தூக்கும் இரும்புத் திருகு ஜாக்கிகள் நாலை இரவல் வாங்கிவந்து, உத்தரத்தின் அடியில் முட்டுக் கொடுத்தாள். இரண்டு நாளில் நாலும் வளைந்தன. கதவைக் கழற்றிவிட்டு கம்பளி தொங்கவிட்டாள். நாற்காலியை வெளியே தள்ளினாள்; மெத்தை தரைக்கு வந்தது. அடுப்பின் புகைக்குழாய் நசுங்கியதும் நெருப்பை அணைத்தாள். ஆனால் அறை குளிரவில்லை. மாட்டுத்தொழுவம்போல் கதகதவென்று இருந்தது. மைரே தொலைபேசியில் கேட்டபோது, ரெண்டு பேருக்கும் காய்ச்சல், தொற்றிக்கொள்ளும், அடுத்த வாரம் வாங்க என்றாள். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாள். கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். சமையலறையில் வேகவைத்ததைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, முற்றத்துப் பனியைத் தாண்டி, மண்டியிட்டு, முழங்காலும் முழங்கையும் தேய ஊர்ந்து, தன் புருஷனிடம் பேசப் போனாள். முதலில் ஆறு வரிசை இருந்தது. பிறகு ஐந்து. பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தடவை ஊர்ந்து வெளியே வரும்போதும், நாளைக்குக் கலெர்வோவைக் கூப்பிட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டாள். உள்ளே, "வந்துட்டியா, இன்னிக்கு என்ன நேரமாச்சு?" என்று அந்தக் குரல் கேட்டதும் நாளை மறுநாளாயிற்று.

அன்று இரண்டு மணி தாண்டியிருந்தது. சூப் ஊட்டினாள். பாதி தாடியில் ஒழுகியது. புளித்த வாடை அடித்தது. தலைக்கு ஒரு முழம் மேலே உத்தரம். கம்பளியை ஒதுக்கிவிட்டதில் பனியின் வெள்ளை வெளிச்சம் தரையோரமாக உள்ளே வந்து விழுந்தது.

"சவரம் பண்ணிவிடறேன் இரு," என்றாள்.

"எதுக்கு? இருக்கட்டும். யாரு பாக்கப்போறா?"

"நான்தான்."

"இருக்கட்டும்னு சொல்றேன்ல."

அவள் சிரித்துக்கொண்டே போய் வெந்நீரும் கத்திரியும் சோப்பும் சவரக்கத்தியும் எடுத்துவந்தாள். ஒருக்களித்துப் படுத்து, கத்திரியால் அடர்ந்ததை வெட்டி, நுரை பூசி, கன்னத்திலிருந்து கீழ்நோக்கி இழுத்தாள். சரக், சரக். அவன் கண்ணை மூடவில்லை. அவள் முகத்துக்கு மிக அருகில், இமைக்காமல், அந்தக் கண். குரல் நடன மேடையைப் பற்றித் தொடங்கியிருந்தது. அவள் மஞ்சள் கவுன் போட்டிருந்தாளாம். செருப்பு வார் அறுந்ததாம். மேலுதட்டின் மீது கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். நுரை போனது.

உதடு தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தின தழும்பு. வெளுப்பாக. கீழுதட்டை மேற்பல் கடித்துக்கொண்டிருந்தது. இறுக.

"காதுகிட்ட மெதுவா," என்றது குரல். "வெட்டிடாத."

உதடு அசையவில்லை.

"என்ன நிறுத்திட்ட?"

அசையவில்லை. தொண்டை அசையவில்லை. சுவரோடு ஒட்டியிருந்த அவளுடைய தோளில்தான், ஒவ்வொரு சொல்லுக்கும், மரம் லேசாக அதிர்ந்தது.

கத்தி கையிலிருந்து நழுவியது.

அவன் கடித்திருந்த உதட்டை விட்டான். ரத்தம் கட்டியிருந்தது. வாயைத் திறந்து, வறண்ட, மெலிந்த, இரண்டு மாதமாக யாரும் காது கொடுக்காத தன் சொந்தத் தொண்டையால் சொன்னான்.

"வேணாம்."

முதல்முறையாக அவள் அந்தச் சொல்லை அந்தச் சொல்லாகவே கேட்டாள்.

"வேணாம். வேணாம். வேணாம்."

"அவனைக் கேக்காத," என்றது சுவர்.

மேல்கோட்டுப் பையில் தொலைபேசி. எடுத்து அழுத்தினாள். "கலெர்வோ, வா. உடனே வா."

"அண்ணி? என்ன ஆச்சு? கயானி ரோட்ல இருக்கேன், முக்கா மணி நேரம்..."

"யாருகிட்ட பேசற ஹில்க்கா?" என்றது வலதுபக்கச் சுவர். இடதுபக்கச் சுவரும் அதையே கேட்டது. மேலே உத்தரம் முனகியது. தோளில் பாரம்.

தொலைபேசி விழுந்தது. எங்கே என்று பார்க்கவில்லை. மெத்தை விரிப்பை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்தாள். பின்னோக்கி ஊர்ந்தாள். இழுத்தாள். ஒரு சாண். மறுபடி. ஒரு சாண். அவன் நல்ல காலால் தரையை உதைத்து உதைத்து உதவினான். மூச்சுக்கு இடமில்லை. பிசின். ஈரம். கன்னத்தில் பாசி. குரல் கெஞ்சிற்று, அழுதது, அவள் பெயரை அவன் மட்டும் கூப்பிடும் செல்லப் பெயராகச் சொன்னது. அவள் இழுத்தாள்.

வாசல் முழங்கால் உயரம்தான் இருந்தது. முதலில் அவள் உடம்பு வெளியே. பிறகு அவன் தலை. தோள். இடுப்பு. பனியில் அவள் காலை ஊன்றி இழுத்த வேகத்தில் அவன் முழுசாக வந்து மேலே விழுந்தான். அவளுடைய இடது கால் வாசலுக்கு அடியில் நீண்டு கிடந்தது.

மேல்தடி இறங்கியது. அவசரமே இல்லாமல்.

எலும்பு உடைந்த சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. முன்னால் சாய்ந்து, தடியைத் தூக்கத் தள்ளி, முகம் மரத்தில் மோத அலறினாள். நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் தீரும்வரை அலறினாள். தடி ஒரு விரல்கடை எழும்பியது. காலை உருவிக்கொண்டு புரண்டாள்.

அலறல் நின்றது. அவள் நிறுத்தவில்லை. வாய் திறந்திருந்தது. வயிறு இறுகியது, தொண்டை நரம்பு புடைத்தது. வெறும் ஆவிதான் வந்தது, குளிர்காற்றில் வெள்ளையாக.

உள்ளே, மரத்துக்குள், அவளுடைய அலறல் தொடர்ந்துகொண்டிருந்தது. பிறகு தணிந்தது. மூச்சு வாங்கியது. சிரித்தது.

"அடேயப்பா," என்றது அவளுடைய குரல். "பயந்தே போயிட்டேன் தௌனோ."

"இங்கதானே இருக்கேன்," என்றது அவனுடைய குரல். "வா, பக்கத்துல உக்காரு."

வெளிச்சம் நீலமாகி, சாம்பலாகி, போயிற்று. அவர்கள் வாசலிலிருந்து பத்தடி தள்ளி, பழைய வீட்டின் நிழலில் கிடந்தார்கள். அவள் தன்னால் முடிந்த தூரம்வரை அவனை இழுத்து வந்திருந்தாள். அதற்குமேல் கால் விடவில்லை. அவன் நல்ல கையால் அவள் காதைப் பொத்தினான். விரல் இடுக்கு வழியாகக் கேட்டது. உள்ளே அந்த இரண்டு குரல்களும் பேசிக்கொண்டிருந்தன. கடையில் யார் வந்தார்கள். சூப்பில் உப்புக் குறை. அவள் இத்தனை வருஷத்தில் கேட்டதிலேயே அவ்வளவு நிம்மதியான பேச்சு அது. கேட்கக் கேட்க மூன்றாவது வரிசை மரம் இருட்டில் மெல்லக் காணாமல் போனது. கூரையின் ஓரத்துக்கும் தரைக்கும் நடுவே, ஒரு மனிதன் குப்புறப் படுத்தால் நுழையும் சந்து மட்டும் மிஞ்சியது.

பனி தள்ளும் வண்டியின் மஞ்சள் விளக்கு மரங்களுக்கு நடுவே சுழன்றுகொண்டு வந்தது. என்ஜினை அணைக்காமல் கலெர்வோ குதித்தான். விளக்கு ஒருமுறை சுற்ற, கூரை. மறுமுறை சுற்ற, இருட்டு.

"அண்ணி! அண்ணே!"

அவள் வாயைத் திறந்தாள். ஆவி. தௌனோ, "வே..." என்றான், என்ஜின் அதை விழுங்கியது. பனியை அள்ளி எறிந்தாள். பாதி தூரத்தில் விழுந்தது. கையைத் தட்டினாள். குளிருக்குக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மாட்டிய கம்பளிக் கையுறை. சத்தமே இல்லை.

"கலெர்வோ!" என்று கூரைக்கடியிலிருந்து அவளுடைய குரல் கதறியது. "இங்க, இங்க மாட்டிக்கிட்டோம்! கால் போச்சுப்பா! சீக்கிரம் வா!"

"வந்துட்டேன் அண்ணி! அசையாதீங்க!"

அவன் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். சந்துக்குள் விளக்கடித்துப் பார்த்தான். குல்லாவைக் கழற்றி எறிந்துவிட்டு, குப்புறப் படுத்து, தலையை உள்ளே விட்டான்.

ஹில்க்கா ஊர்ந்தாள். உடைந்த கால் பனியில் பின்னால் இழுபட்டது. எட்டடி. ஐந்தடி. அவன் தோள் உள்ளே போனது. இடுப்பு. "எங்க இருக்கீங்க, கையை நீட்டுங்க," என்ற அவன் குரல் மரத்துக்குள் மந்தமாகக் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் உள்ள," என்றது அவளுடைய குரல், பரிவோடு.

மூன்றடி. அவள் பாய்ந்து அவனுடைய பூட்ஸைப் பிடித்தாள். இரண்டு கையாலும், முழு பலத்தோடு, வாயை அகலத் திறந்து, சத்தமில்லாமல் அலறிக்கொண்டு இழுத்தாள். ஒரு நொடி அந்தக் கால் உதறியது. உள்ளே அவன் ஏதோ கேட்டான்; பாதியில் நின்றது.

கூரை இறங்கி உட்கார்ந்தது. மஞ்சள் விளக்கு ஒருமுறை சுற்றி வந்தது.

பூட்ஸ் அவள் கையில் இருந்தது. உள்ளே இன்னும் சூடாக இருந்தது. பனி அதற்குள் விழுந்து கரைந்துகொண்டிருந்தது. சந்து இருந்த இடத்தில் மரத்தோடு மரம் பொருந்தியிருந்தது. அதற்கு அப்பால் காப்பிக் கோப்பைகள் உரசும் ஓசையும், நாற்காலியை இழுத்துப் போடும் ஓசையும் கேட்டன. அப்புறம் மூன்று பேர் சேர்ந்து சிரிக்கும் சத்தம் வந்தது.